வேட்டையாடும் நாட்டுக்குத் திமிங்கலம் பார்க்கப் போகலாமா?

வட ஐரோப்பா டூருக்குப் பெயர் கொடுக்க வரும் மதுரைக்காரர்கள், வானத்துப் பச்சை ஒளி எந்த மாதம் தெரியும், கூட வரும் சமையல்காரர் சாம்பார் வைப்பாரா என்பதோடு இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள். "ஐஸ்லாந்துல திமிங்கலத்தைக் கொல்றாங்களாமே சார், அந்த ஊருக்கு நாம எதுக்குக் காசு கொண்டுபோய்க் கொட்டணும்?" அடுத்த மூச்சிலேயே, "திமிங்கலம் காட்டுற படகு நம்ம பேக்கேஜ்ல இருக்கா?" என்றும் கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். உலகம் முழுக்கத் திமிங்கலம் பார்க்கப் போகிறவர்களின் மனநிலை இதுதான்.

இந்த மனநிலை வேட்டையை எந்த அளவுக்குத் தடுக்கிறது, வேட்டை இந்தச் சுற்றுலாவை எந்த அளவுக்குக் கெடுக்கிறது என்பதில், பலர் நம்புவது வேறு, நடந்தது வேறு. ஒரு நாட்டுக்கே போகாமல் இருந்ததால் வேட்டை நிறுவனத்துக்கு நட்டம் வந்ததாகச் சொல்ல ஆதாரம் மிகக் குறைவு. போன இடத்தில் தட்டில் எதை வாங்கினோம், எந்தப் படகில் ஏறினோம், படகோட்டியிடம் என்ன கேட்டோம் என்பவைதான் கணக்கை மாற்றியிருக்கின்றன.

இன்னும் வேட்டையாடுவது யார்

1946-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் கீழ் உருவானது சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம். 1982-இல் அது வணிக வேட்டையை நிறுத்திவைக்க முடிவெடுத்தது. 1985-86 பருவத்திலிருந்து முடிவு அமலுக்கு வந்தது. இந்தியா 1981 முதல் இதன் உறுப்பு நாடு. இந்தியப் பெருங்கடல் முழுவதையும் 1979-லேயே இந்த ஆணையம் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்துவிட்டது. ஆகவே நம் பக்கத்துக் கடலில் வணிக வேட்டைக்கு இடமில்லை.

மிச்சம் இருப்பவை மூன்று நாடுகள். தடையை ஆரம்பத்திலேயே எதிர்த்துப் பதிவு செய்த நார்வே, 1993 முதல் மிங்கி என்ற சிறிய இனத் திமிங்கலத்தை வணிகத்துக்காகப் பிடிக்கிறது. ஜப்பான் 1987 முதல் 'ஆய்வு' என்ற பெயரில் அண்டார்டிகா வரை போய்ப் பிடித்தது. 2014 மார்ச்சில் சர்வதேச நீதிமன்றம் அந்த ஆய்வு ஏற்கத்தக்கதல்ல என்று தீர்ப்பளித்தது. 2019 ஜூன் இறுதியில் ஆணையத்தை விட்டே வெளியேறி, மறுநாளே தன் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையைத் தொடங்கியது. மூன்றாவது ஐஸ்லாந்து. அலாஸ்கா, கிரீன்லாந்து போன்ற இடங்களில் பழங்குடியினர் தங்கள் உணவுக்காகப் பிடிப்பதும், ஃபேரோ தீவுகளில் பைலட் திமிங்கலக் கூட்டத்தைக் கரைக்கு ஓட்டிக் கொல்வதும் வேறு கணக்கில் வரும்.

பயணியும் வேட்டைக்காரரும் ஒரே துறைமுகத்தில் நிற்பது ஐஸ்லாந்தில்தான். அதனால் இந்தக் கேள்விக்கான விடையும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

ஒரே துறைமுகம், இரண்டு தொழில்

ரெய்க்யவிக் பழைய துறைமுகத்தில், திமிங்கலம் பார்க்கும் படகுகளுக்கு டிக்கெட் விற்கும் சிறு கூடாரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, வேட்டை இல்லாத மாதங்களில், ஹ்வாலூர் என்ற ஐஸ்லாந்து வேட்டை நிறுவனத்தின் இரண்டு கப்பல்கள் கட்டிக்கிடக்கும். முன்தளத்தில் ஈட்டிப் பீரங்கிக்கான மேடை, கொடிமரத்தில் ஆள் ஏறி நின்று கடலைத் துழாவும் கூண்டு. டிக்கெட் கையில் வைத்திருப்பவர் இதைத் தாண்டித்தான் தன் படகுக்குப் போகிறார். படகின் வழிகாட்டியிடம் அன்று கேட்கப்படும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1980-களின் பிற்பகுதியில் ஐஸ்லாந்தும் 'ஆய்வு வேட்டை' நடத்தியது. அப்போது அதை எதிர்த்த கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு சுற்றுலாவைத் தொடவில்லை. மீன் ஏற்றுமதியைப் பிடித்தது. 'ஐஸ்லாந்து மீனை வாங்காதே' என்ற இயக்கத்தில் அமெரிக்காவின் லாங் ஜான் சில்வர்ஸ் போன்ற உணவகச் சங்கிலிகளும் ஜெர்மனியின் டெங்கல்மான் அங்காடிகளும் கொள்முதலை நிறுத்தின, அல்லது குறைத்தன. 1989-க்குப் பிறகு வேட்டை நின்றது. 2003 வரை தொடங்கவில்லை. வாங்குகிறவர்கள் சிலர், ஒவ்வொருவரின் ஒப்பந்தமும் பெரியது, நாட்டின் வருமானமே மீன் என்பதால் அந்த அடி உறைத்தது. சுற்றுலாப் பயணி அப்படியல்ல. லட்சக்கணக்கான தனி ஆட்கள், தனித்தனி முடிவுகள். ஒருவர் வராமல் போனால் அந்த இடத்தில் இன்னொருவர் வருகிறார்.

வேட்டை நின்ற அந்தப் பதினான்கு ஆண்டு இடைவெளியில்தான் திமிங்கலம் பார்க்கும் தொழில் அங்கே முளைத்தது. 1990-களின் தொடக்கத்தில் தென்கிழக்கே ஹோஃபின் ஊரில், பிறகு 1995-இல் வடக்கே ஹூசாவிக்கில், அதன்பின் தலைநகரில். எனவே 2003-இல் மறுபடி ஆய்வு வேட்டை, 2006-இல் வணிக வேட்டை என்று அரசு அறிவித்தபோது, படகுக்காரர்கள் பதறியதில் வியப்பில்லை. பயணிகள் வராமல் போய்விடுவார்கள் என்றார்கள்.

பயணிகள் வந்தார்கள், அதுவும் பல மடங்காக. 2008-இல் ஐஸ்லாந்துக்கு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 5 லட்சம். திமிங்கலப் படகில் ஏறியவர்கள் சுமார் 1,15,000. 2016-இல் வந்தவர்கள் 18 லட்சத்தை நெருங்கினார்கள். படகில் ஏறியவர்கள் 3 லட்சத்தைத் தாண்டினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே துடுப்புத் திமிங்கலம் (ஃபின் வேல்) என்ற பெரிய இனத்தின் வேட்டை மும்முரமாக நடந்தது: 2009-இல் 125, 2010-இல் 148, 2015-இல் 155.

இதை வைத்து 'வேட்டையால் சுற்றுலாவுக்குப் பாதிப்பே இல்லை' என்று வேட்டை ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். அவ்வளவு அவசரமாக அந்த முடிவுக்கு வர முடியாது. 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்து அதன் நாணயம் சரிந்தது; எட்டாத விலையில் இருந்த நாடு திடீரென்று கைக்கு எட்டியது. 2010-இல் எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய விமானங்களை நிறுத்தியபோது ஐஸ்லாந்தின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. விமான நிறுவனங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கும் வழியில் அங்கே தங்கிச் செல்லச் சலுகை கொடுத்தன. இத்தனை காற்றும் பாய்க்குப் பின்னால் அடிக்கும்போது, வேட்டையால் கொஞ்சம் பேர் குறைந்திருந்தாலும் அது எண்ணிக்கையில் தெரியாது.

கருத்துக்கணிப்புகளும் இதே குழியில் விழுகின்றன. படகில் ஏறி அமர்ந்திருக்கும் பயணியிடம் 'திமிங்கல வேட்டையை ஆதரிக்கிறீர்களா' என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். திமிங்கலத்தைப் பார்க்கவென்றே காசு கொடுத்தவர்கள் அவர்கள். விமான நிலையத்தில் புறப்படும் வரிசையில் கேட்டால் எதிர்ப்பு கொஞ்சம் தளரும். 'வேட்டையாடும் நாட்டுக்கு மறுபடி வருவீர்களா' என்றால், வரமாட்டேன் என்று சொல்பவர் அடுத்த வருடம் உண்மையில் என்ன செய்தார் என்று யாரும் பின்தொடர்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கொள்கைக்காக வராமலே இருந்தவர் அந்தக் கணிப்பில் சிக்கவே மாட்டார். அவர் ரெய்க்யவிக்கில் இல்லை. இப்படிப்பட்ட எந்தக் கணிப்பைப் படித்தாலும், எங்கே நின்று, யாரிடம், எந்தச் சொற்களில் கேட்டார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தட்டு

இந்த விஷயத்தில் பயணியின் மனசும் கையும் ஒன்றுக்கொன்று விலகியது சாப்பாட்டு மேசையில்தான். விலங்கு நல நிதியம் ஒன்று 2009-இல் கணக்கெடுத்தபோது, ஐஸ்லாந்து வந்த பயணிகளில் 40 சதவீதம் பேர் திமிங்கலக் கறியை ருசி பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்களில் திமிங்கலம் பார்த்துவிட்டு வந்தவர்களும் இருந்திருப்பார்கள். துறைமுகத்தை ஒட்டிய உணவகங்களில் சின்னத் துண்டுகளாகக் கம்பியில் கோத்துச் சுட்டும், 'ருசித் தட்டு' என்று பஃபின் பறவைக் கறியோடு சேர்த்தும் விற்றார்கள். பார்க்க மாட்டுக்கறி போன்ற கருஞ்சிவப்பு. மீன் மணம் எதிர்பார்த்தவருக்கு ஆச்சரியம்.

எதிர்க்கிறவர் ஏன் சாப்பிட்டார்? 'ஊருக்குப் போனால் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்கணும்' என்ற எண்ணம்தான். கறிதோசைக்கும் அயிரைமீன் குழம்புக்கும் சந்து சந்தாக அலையும் மதுரைக்காரருக்கு இது புரியாத மனநிலை அல்ல. ஆனால் இங்கே அந்த எண்ணம் ஏமாந்துபோகிறது. ஐஸ்லாந்துக்காரர்களில் திமிங்கலக் கறியை வழக்கமாகச் சாப்பிடுவோர் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறுவது சிரமம் என்று அங்கே எடுத்த கணிப்புகள் காட்டின. இயந்திரக் கப்பல், பீரங்கி வைத்து நடக்கும் வேட்டை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்வேக்காரர்கள் அங்கே கொண்டுவந்தது. இன்றைய திமிங்கல நிலையம் ஹ்வால்ஃபியோர்துரில் இயங்கத் தொடங்கியது 1948-இல். 'பாரம்பரியம்' என்று பயணி காசு கொடுத்த அந்தத் தட்டு பெரும்பாலும் பயணிக்காகவே வைக்கப்பட்டது.

படகு நிறுவனங்களும் விலங்கு நல அமைப்பும் சேர்ந்து எடுத்த 'எங்களைப் பாருங்கள், சாப்பிடாதீர்கள்' என்ற பிரசாரம் இதைத்தான் குறிவைத்தது. நாட்டைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் இளைஞர்கள் நின்று பயணிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். திமிங்கலக் கறி விற்காத உணவகங்கள் கதவில் ஒட்டிக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். 2017 வாக்கில் கறியை ருசித்ததாகச் சொன்ன பயணிகள் 11-12 சதவீதமாக இறங்கினார்கள். எண்கள் பிரசாரம் செய்தவர்களே எடுக்கச் சொன்னவை என்றாலும், இறங்குமுகம் தெளிவு.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஐஸ்லாந்து உணவகத்தில் விற்பது மிங்கி; ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள சிறிய இனம். ஹ்வாலூர் பிடிப்பது துடுப்புத் திமிங்கலம். நீலத்திமிங்கலத்துக்கு அடுத்த பெரிய உயிர். அதன் கறி ஏறக்குறைய முழுதும் உறைய வைத்து ஜப்பானுக்குக் கப்பலேறும். ஆகவே பயணி தட்டைத் தள்ளிவைத்தது மிங்கி வேட்டையைத்தான் தொட்டது. அதே சமயம், 2017 இறுதியில் ரெய்க்யவிக்கை ஒட்டிய ஃபாக்ஸா விரிகுடாவில் வேட்டை கூடாத பகுதியை அரசு விரிவாக்கியது; மிங்கி படகுகள் வெகுதூரம் வெளிக்கடலுக்குப் போக வேண்டியதாயிற்று, எரிபொருள் செலவு ஏறியது. 2018-இல் அவர்கள் பிடித்தது 6 மட்டுமே. 2020-இல் அந்த நிறுவனம் தொழிலை விடுவதாக அறிவித்தது. விற்பனை குறைந்ததும் வேட்டைக்களம் தள்ளிப்போனதும் சேர்ந்து செய்த வேலை இது. அதற்குப் பிறகும் சில உணவகங்களில் மிங்கி கறி இருக்கும், நார்வேயிலிருந்தும் வரும். 'இங்கே வேட்டை நின்றுவிட்டது, சாப்பிடலாம்' என்று பரிமாறுபவர் சொன்னால் நம்ப வேண்டாம். டப்பாவில் அடைத்த கறியை ஊருக்கு வாங்கி வருவதும் கூடாது: சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் உள்ள உயிர், இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் குற்றம்.

துடுப்புத் திமிங்கல வேட்டையை அசைத்தவை வேறு. 2022-இல் கொல்லப்பட்ட 148 திமிங்கலங்களைப் பற்றி ஐஸ்லாந்தின் உணவு, கால்நடை ஆணையம் 2023 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. ஈட்டியின் முனையில் வெடிகுண்டு. உடலுக்குள் வெடித்து உடனே சாகடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. படம் பிடித்துக் கண்காணித்த 58-இல் 35 மட்டுமே உடனே இறந்தன. மற்றவை இறக்க எடுத்த நேரத்தின் நடு அளவு பதினொன்றரை நிமிடம். 148-இல் 36 ஒருமுறைக்கு மேல் சுடப்பட்டன. அலையில் ஆடும் தளத்திலிருந்து, ஒன்றிரண்டு விநாடி மட்டும் முதுகைக் காட்டும் உயிரைக் குறிபார்ப்பதில் இப்படி நேராமல் இருக்க வழியில்லை என்பதே அந்த எண்களைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். 2023 ஜூன் 20 அன்று அமைச்சர் அந்தப் பருவத்தை நிறுத்திவைத்தார். செப்டம்பரில் மீண்டும் அனுமதி கிடைத்து 24 கொல்லப்பட்டன. 2024, 2025 இரு கோடைகளிலும் வேட்டை இல்லை. முதல் ஆண்டு உரிமம் தாமதமானது, இரண்டாம் ஆண்டு ஜப்பானில் விலை கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனமே சொன்னது. ஆனால் 2024 டிசம்பரில் ஐந்தாண்டு உரிமம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதால் கதை முடிந்துவிடவில்லை.

கடலில் நடக்கும் நட்டம்

பயணி வராமல் போவது ஒரு நட்டம். வந்த பயணிக்குத் திமிங்கலம் தெரியாமல் போவது இன்னொன்று. படகுக்காரர்கள் அதிகம் பயந்தது இரண்டாவதற்குத்தான். ஃபாக்ஸா விரிகுடாவில் படகுகள் தேடுவதும் வேட்டைக்காரர்கள் தேடியதும் ஒரே மிங்கி, ஒரே கோடை மாதங்கள். மிங்கியில் சில படகைக் கண்டு ஒதுங்கும். சில தாமே நெருங்கி வந்து பக்கவாட்டில் புரண்டு பார்க்கும். படகுக்கு வருமானம் கொண்டுவருவது இந்த இரண்டாம் வகை. ஈட்டிக்கு முதலில் அகப்படுவதும் அதே வகை. எண்ணிக்கையில் சில டஜன்தான் போனாலும், போனவை பயமறியாத திமிங்கலங்கள் என்றால் படகின் காட்சி பெரிதும் மெலியும்.

ஆனால் மிங்கி அங்கே குறைந்ததற்கு வேட்டை மட்டும் காரணமில்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2001 கணக்கெடுப்பில் ஐஸ்லாந்துக் கரைக்கடலில் சுமார் 43,600 மிங்கி இருந்தன. 2007-இல் அதில் பாதிகூட இல்லை. வேட்டையில் போனது நூற்றுக்கணக்கில்தான். கடல் சூடேறி, மிங்கியின் முக்கிய இரையான மணல் விலாங்கு மீன் சரிந்ததால் அவை வடக்கே நகர்ந்தன என்பதே ஆய்வாளர்களின் பெரும்பான்மை விளக்கம்.

கண்ணால் பார்த்துவிடும் அதிர்ச்சி வேறு வகை. 2006 கோடையில் நார்வேயின் ஆண்டெனெஸ் அருகே, திமிங்கலம் பார்க்கப் போன படகின் பயணிகள் கண்ணெதிரிலேயே ஒரு மிங்கி சுடப்பட்டது. 2023 ஜூலையில் ஃபேரோ தீவுகளின் தலைநகருக்கு வந்த பிரிட்டிஷ் உல்லாசக் கப்பலின் பயணிகள், துறைமுகத்துக்குள் 78 பைலட் திமிங்கலங்கள் கொல்லப்படுவதைப் பார்க்க நேர்ந்தது; கப்பல் நிறுவனம் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டது.

இத்தகைய சம்பவத்துக்குப் பின் வெளிநாடுகளில் எழும் கூச்சல் உள்ளூரில் எதிர்த்திசையில் வேலை செய்வதையும் புரிந்துகொள்ள வேண்டும். 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் திரண்ட கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும்: நம் வழக்கத்தை வெளியாள் வந்து தீர்மானிப்பதா என்ற கோபம், மாடு பிடித்தே அறியாதவரையும் களத்துக்குக் கொண்டுவந்தது. திமிங்கலத்தைக் கொல்வதும் ஏறுதழுவுவதும் ஒன்றல்ல. ஆனால் அந்தக் கோபம் ஒன்றுதான். திமிங்கலக் கறியைத் தொடாத ஜப்பானியரும் ஃபேரோக்காரரும் வேட்டையை விட்டுக்கொடுக்க மறுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஜப்பானில் 1962-இல் 2 லட்சம் டன்னைத் தாண்டிய திமிங்கலக் கறி நுகர்வு இன்று இரண்டாயிரம் டன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அரசின் பிடிவாதம் சுருங்கவில்லை. நார்வேயிலும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் ஒதுக்கீடு கொடுத்தாலும் பிடிபடுவது அதில் பாதி அளவே, ஏனென்றால் வாங்க ஆளில்லை. பெர்கன் மீன் சந்தையில் அதை ருசி பார்க்க நிற்பவர்களில் பயணிகள் கணிசம் என்பதால், தட்டு பற்றிச் சொன்னது அங்கேயும் பொருந்தும்.

வேட்டையிலிருந்து பார்வைக்கு மாறிய இடங்களில், அட்லாண்டிக்கில் உள்ள போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகள் தனித்து நிற்கின்றன. அங்கே மலைமுனைக் குடில்களில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, எண்ணெய்த் திமிங்கலத்தின் (ஸ்பெர்ம் வேல்) மூச்சுநீர் எழும் இடத்தை வேட்டைப் படகுக்குச் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். 1980-களில் வேட்டை ஓய்ந்ததும், அதே குடிலில் அதே ஆட்கள் சுற்றுலாப் படகுக்கு ரேடியோவில் திசை சொன்னார்கள். தொழில் தெரிந்தவருக்கு வேலை போகவில்லை. ஐஸ்லாந்தில் வேட்டை ஒரே ஒரு பெரிய நிறுவனத்தின் கையில், பார்வைத் தொழில் வேறு ஆட்களின் கையில். இவருடைய லாபம் அவருக்கு ஈடாகாது. அங்கே மாற்றம் இழுபறியாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

நமக்குப் பக்கத்துக் கடல்

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். நீலத்திமிங்கலத்தைக் கரையிலிருந்து இவ்வளவு அருகில் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகில் மிகச் சில. இலங்கை அதில் ஒன்று. இங்கே வேட்டை இல்லை. 1960-களில் சோவியத் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் சட்டத்துக்குப் புறம்பாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கலங்களைக் கொன்று, கணக்கை மறைத்தன. சோவியத் உடைந்த பிறகே அது வெளியே வந்தது. அந்த அடியிலிருந்து மீண்டுவரும் கூட்டத்தைத்தான் இன்று பார்க்கிறோம். இப்போது அவற்றுக்கு ஆபத்து, தெற்கே தேவேந்திரமுனையை ஒட்டிச் செல்லும் கப்பல் பாதையும், மிக நெருங்கும் சுற்றுலாப் படகும். 2022-இல் எம்.எஸ்.சி. நிறுவனம் தன் சரக்குக் கப்பல்களைத் தெற்கே தள்ளிப்போகச் சொன்னது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்யவில்லை.

பருவம் தெரியாமல் பணம் கட்டுவது நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம். இலங்கையின் தென்கரை ஊரான மிரிஸ்ஸாவில் திமிங்கலப் பருவம் நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை. நம் குடும்பங்கள் கிளம்புவதோ பரீட்சை முடிந்து, சித்திரைத் திருவிழாவும் பார்த்துவிட்டு, மே மாதத்தில். அப்போது தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கரைக் கடல் கொந்தளிக்கும். மே மாதத்தில் மிரிஸ்ஸா படகு என்று யாராவது பேக்கேஜ் போட்டுக் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள். அந்த மாதங்களுக்குக் கிழக்குக் கரைத் திருகோணமலைதான் சரி. மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை கடல் அமைதி. துறைமுகத்தை ஒட்டியே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால் நீலத்திமிங்கலமும் எண்ணெய்த் திமிங்கலமும் கரைக்கு அருகில் வரும். சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைப் பாறையிலிருந்தே, பருவத்தில் சில நாள் மூச்சுநீர் எழுவது தெரியும். காலை எட்டு மணிக்குள், காற்று எழும் முன், ஒரு தொலைநோக்கி போதும். படகுச் செலவு இல்லை, திமிங்கலத்துக்கும் தொந்தரவில்லை.

படகில் போனால், 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது இலங்கை விதி. கடலில் தூரம் மட்டுப்படாது. நீலத்திமிங்கலம் 20 மீட்டருக்கு மேல் நீளம் என்பதால், நடுவில் ஐந்து திமிங்கலம் படுக்க இடம் இருக்கிறதா என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அது மேலே வந்து சில நிமிடங்களுக்குள் பலமுறை மூச்சு விட்டு, வால் தூக்கி முங்கினால் பத்து நிமிடம் போல உள்ளே இருக்கும். நல்ல படகோட்டி அது போன திசையைக் குறித்துக்கொண்டு, பின்பக்கவாட்டில் இணையாக மெதுவாக நகர்ந்து, கியரை நியூட்ரலில் போட்டுக் காத்திருப்பார். மோசமான படகோட்டி நேர் பின்னாலோ முன்னாலோ விரட்டுவார். விரட்டினால் என்ன ஆகும்? திமிங்கலம் மூச்சை முழுதாக எடுக்காமலே முங்கிவிடும். அடுத்து எழுவது எங்கோ தூரத்தில். ஆழத்தில் இருக்கும் சிறு இறால் கூட்டத்தை மேயப் போதிய காற்று இல்லாமல் அதன் அன்றைய தீனியும் கெடும். ஒரு படகு விரட்டினால் ரேடியோ கேட்டு மற்றவையும் சூழும்.

அவர்கள் விரட்டுவது பெரும்பாலும் நமக்காகத்தான். "பக்கத்துல போங்கண்ணே, வீடியோ எடுக்கணும்" என்று படகில் எழும் குரலும், கையில் திணிக்கும் கூடுதல் நோட்டும்தான் த்ராட்டிலைத் திருப்புகின்றன. திருகோணமலையில் மொழிச் சிக்கலும் இல்லை. "கிட்டப் போனா தாண்டுபோயிடும் அண்ணை" (முங்கிவிடும் என்று பொருள்) என்று படகோட்டி சொன்னால், அவருக்குத் தொழில் தெரியும் என்று பொருள். அவரை அவர் போக்கில் விடுங்கள். ஐஸ்லாந்தில் பீரங்கியைப் பார்த்து முகம் சுளித்தவரே இங்கே படகைக் கிட்ட ஓட்டச் சொல்வதை அடிக்கடி பார்க்க முடிகிறது. பிரியத்தில் சொல்வதுதான். விளைவு திமிங்கலத்துக்கு நல்லதாக இல்லை.

செத்த திமிங்கலத்துக்கு விலை வைக்கும் வியாபாரம் நம் தென் மாவட்டங்களிலும் உண்டு: அம்பர்கிரிஸ். எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாகும் பொருள். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையிலிருந்து மதுரை வழியாகக் கைமாறும்போது பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. கரையில் ஒதுங்கியதை எடுத்தேன், யாரையும் கொல்லவில்லை என்ற வாதம் செல்லாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை உயிரின் பாகம் அது, மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கண்டால் வனத்துறைக்குச் சொல்வதே வழி.

படகுக்குப் பணம் கட்டும் முன் மூன்றே கேள்விகள் போதும். எத்தனை மீட்டரில் நிறுத்துவீர்கள்? ஒரே திமிங்கலத்தைச் சுற்றி ஏற்கெனவே மூன்று, நான்கு படகு நின்றால் என்ன செய்வீர்கள்? திமிங்கலம் தெரியாவிட்டால் மறுநாள் ஏற்றிக்கொள்வீர்களா? மூன்றாவது கேள்வி பணத்துக்காக மட்டும் அல்ல. மறுநாள் ஏற்றிக்கொள்கிறவருக்கு அன்றே எப்படியாவது காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. அவர் விரட்ட மாட்டார். திரும்பி வந்தபின் கூகுளில் எழுதும் இரண்டு வரிக்கும் அங்கே எடை அதிகம். 'கிட்டவே போகலை, வேஸ்ட்' என்று ஒரு நட்சத்திரம் போட்டால் விதியை மதித்தவரின் அடுத்த மாத வருமானம் குறையும். பக்கத்துப் படகுக்காரர் அதைப் படித்துத்தான் எஞ்சினை முறுக்குகிறார். 'தள்ளி நிறுத்தினார், அரைமணி நேரம் நிதானமாகப் பார்த்தோம்' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போடுங்கள்.